சத்தம் போடும் வகுப்பும் ஒரு கன்சாஸ் பேராசிரியரும்

1960களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்திய நர்சரிப் பள்ளியில் மூன்று வயது தாண்டிய ஒரு சிறுமி சேர்ந்தாள். நன்றாக நடக்கத் தெரிந்தவள்தான். ஆனால் பள்ளிக்குள் வந்ததும் தவழ ஆரம்பித்துவிட்டாள். பள்ளி நேரத்தில் பெரும்பகுதி தரையிலேயே இருப்பாள். யாராவது கிட்டே போனால் முகத்தை மறைத்துக்கொள்வாள். டீச்சர்கள் அன்பானவர்கள். பயந்த பிள்ளை என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள், இதமாகப் பேசினார்கள், தேற்றிப் பார்த்தார்கள். நாட்கள் போயும் அவள் எழவில்லை.

அங்கே ஆய்வாளராக இருந்த மான்ட்ரோஸ் வுல்ஃப், பள்ளியின் இயக்குநர் ஃப்ளாரன்ஸ் ஹாரிஸ், இரண்டு ஆசிரியர்கள் ஆகிய நால்வரும் சேர்ந்து ஒரே ஒரு மாற்றம் செய்தார்கள். சிறுமி தரையில் இருக்கும்போது அவளிடம் தனியாகப் போவதில்லை. கோபப்படுவதும் இல்லை, திட்டுவதும் இல்லை, சும்மா விட்டுவிடுவது. எதற்காகவோ ஒரு நொடி எழுந்து நின்றால்கூட, உடனே அருகில் போய்ப் பேசுவது, புன்னகைப்பது, விளையாட்டில் சேர்த்துக்கொள்வது. அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்குள் அவள் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள்.

அதோடு நிறுத்தியிருந்தால், ‘புது இடம், பழகப் பழகத் தானாகச் சரியாகியிருக்கும்’ என்று யாரும் சொல்லிவிடலாம். அதனால் அவர்கள் கவனிப்பைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தார்கள். நிற்கும்போது விலகினார்கள், தரையில் இருக்கும்போது நெருங்கினார்கள். சிறுமி மறுபடி தரைக்குப் போய்விட்டாள். திரும்பவும் பழையபடி மாற்றியதும் எழுந்துகொண்டாள். தேற்றுவதாக நினைத்துப் பெரியவர்கள் செய்ததுதான் அவளைத் தரையிலேயே இருக்க வைத்திருந்தது. இந்த ஆய்வு 1964ல் வெளியானது.

அதே பள்ளியில், அதே காலத்தில், இதே வழியில் வேறு சில குழந்தைகளையும் கவனித்தார்கள். லேசாக இடித்துக்கொண்டாலே ஓவென்று அழும் பையன், பிள்ளைகளோடு சேராமல் டீச்சர்களையே சுற்றிக்கொண்டிருந்த சிறுமி, ஏறி விளையாடும் சட்டத்தின் பக்கமே போகாமல் ஒதுங்கி நின்ற பையன். எல்லோரிடமும் ஒரே விஷயம் தெரிந்தது. பெரியவர்களின் கவனம் எதன் பின்னால் போகிறதோ அந்த நடத்தை வளர்கிறது.

இன்று கேட்டால் ‘இதில் என்ன இருக்கிறது’ என்று தோன்றலாம். அன்றைக்கு நிலைமை வேறு. குழந்தையிடம் பிரச்சினை என்றால் அதன் மனத்தின் ஆழத்திலோ தாயின் வளர்ப்பிலோ காரணம் தேடுவதுதான் அமெரிக்க உளவியலில் வழக்கமாக இருந்தது. அப்படித் தேடிக் கிடைக்கும் பதிலை வைத்து வகுப்பில் நிற்கும் ஆசிரியர் எதுவும் செய்ய முடியாது. வுல்ஃபின் கேள்வி, ஆசிரியரால் நாளைக் காலையிலேயே மாற்றக்கூடிய ஒன்றைப் பற்றியது. அவருடைய நாற்பது வருட வேலையில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான்.

வுல்ஃப் 1935ல் டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டனில் பிறந்தவர். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பிறகு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் படித்தார். நடத்தையின் பின்விளைவு நடத்தையை மாற்றுகிறது என்று உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டியதைப் படித்து வளர்ந்த தலைமுறை அவருடையது. ஆய்வுக்கூடத்தில் தெரிந்துகொண்டதை வெளியே, உண்மையான குழந்தைகளுக்கு, உண்மையான அவஸ்தைகளுக்குப் பயன்படுத்த முடியுமா என்று பார்க்கப் புறப்பட்ட சிலரில் அவரும் ஒருவர்.

முதல் பெரிய சோதனை டிக்கி என்று ஆய்வில் பெயரிடப்பட்ட மூன்றரை வயதுப் பையன். ஆட்டிசம் உள்ள குழந்தை. கண்புரைக்காக இரண்டு கண்களிலும் லென்ஸை எடுத்துவிட்டார்கள். கண்ணாடி போடாவிட்டால் பார்வை போய்விடும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அவனோ கண்ணாடியைத் தொடவே விடமாட்டான். தலையை மோதிக்கொள்வான், தன்னையே அடித்துக்கொள்வான், இரவில் தூங்கமாட்டான். வுல்ஃபும் அவருடைய மாணவர் டாட் ரிஸ்லியும் கண்ணாடி இல்லாத வெறும் ஃப்ரேம்களை அறையில் அங்கங்கே போட்டுவைத்தார்கள். எடுத்தால் சாப்பிட ஒரு துண்டு. கையில் வைத்திருந்தால் ஒரு துண்டு. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒரு துண்டு. இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போய், சிகிச்சை முடியும்போது டிக்கி நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கண்ணாடி போட்டிருந்தான். பிற்பாடு பள்ளிக்கும் போனான்.

டிக்கி கத்தி அடம்பிடித்தபோது, அடங்கும் வரை அவனைத் தனி அறையில் விட்டார்கள். குழந்தை வளர்ப்பில் ‘டைம் அவுட்’ என்று இன்று எல்லோரும் சொல்வது பரவியதில் இந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. இது பரவியபோது பாதி தொலைந்துபோனது. டைம் அவுட் என்றால், பாராட்டும் விளையாட்டும் நிறைந்த ஓர் இடத்திலிருந்து சிறிது நேரம் விலக்கி வைப்பது. அந்த நிறைந்த இடம் இல்லாமல், பிள்ளையை வெறுமனே மூலையில் உட்கார வைத்தால் அது பழைய தண்டனையேதான்.

1965ல் வுல்ஃப், ரிஸ்லி, டொனால்ட் பேர் மூவரும் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்கள். அங்கே மனித வளர்ச்சித் துறையும் குழந்தை ஆய்வு மையமும் சேர்ந்து நகருக்குள் இறங்கி வேலை செய்தன. கன்சாஸ் சிட்டியில் ஜூனிப்பர் கார்டன்ஸ் என்ற, கறுப்பினத்தவர் பெருமளவில் வாழ்ந்த ஏழைக் குடியிருப்புப் பகுதியில் ஆய்வு நிலையம் அமைந்தது. பின்விளைவுகளை மாற்றி நடத்தையை மாற்றும் இந்த வேலைக்குப் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு என்று பெயர். 1968ல் அதற்கென்று தனி இதழ் தொடங்கியபோது அதன் முதல் ஆசிரியர் வுல்ஃப்தான். அப்போது அவர் முப்பதுகளின் தொடக்கத்தில்தான் இருந்தார்.

அந்த இதழின் முதல் வெளியீட்டிலேயே ஜூனிப்பர் கார்டன்ஸில் வேலை பார்த்த வான்ஸ் ஹாலும் சகாக்களும் எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. அதில் ராபி என்ற மூன்றாம் வகுப்புப் பையன் வருகிறான். எந்த ஆசிரியரும் ராபியை அடையாளம் கண்டுகொள்வார். ரப்பர் பேண்டை இழுத்து விடுவான். பாக்கெட்டிலிருந்து பொம்மையை எடுத்து விளையாடுவான். பக்கத்துப் பிள்ளைகளோடு பேசிச் சிரிப்பான். பள்ளியில் கொடுக்கும் பாலை மெல்ல மெல்லக் குடித்துவிட்டு, காலி அட்டைப்பெட்டியை வைத்து இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டுவான். பத்து விநாடிக்கு ஒரு தரம் பார்த்துக் குறித்தபோது, அவன் படிப்பில் இருந்த நேரம் சராசரியாக 25 சதவீதம்தான். டீச்சர் அவனைக் கவனித்த தருணங்களில் 55 சதவீதம், அவன் படிக்காமல் இருந்ததற்குப் பின்னால் வந்தவை. ‘ராபி, வேலையைப் பார்’, ‘ராபி, அதை உள்ளே வை’.

பிறகு கவனிப்பை இடம் மாற்றினார்கள். ராபி ஒரு நிமிடம் தொடர்ந்து படித்தால், ஆய்வாளர் பின்னாலிருந்து டீச்சருக்கு மட்டும் தெரியும்படி ஒரு சின்ன வண்ணத் தாளைத் தூக்கிக் காட்டுவார். டீச்சர் போய் ‘நன்றாகச் செய்கிறாய்’ என்று ஒரு வார்த்தை சொல்லுவார். படிக்காத நேரத்தைக் கண்டுகொள்ளமாட்டார். படிப்பில் இருந்த நேரம் சராசரி 71 சதவீதமானது. பழையபடி மாற்றிப் பார்த்தபோது இறங்கியது, திரும்பக் கொண்டுவந்தபோது ஏறியது.

அதே ஆண்டு இல்லினாய் மாநிலத்திலிருந்து இன்னொரு முடிவு வந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகள் இடத்தைவிட்டு எழுந்துகொண்டே இருந்தார்கள். டீச்சர் ‘உட்கார்’ என்று சொல்வதை வேண்டுமென்றே பல மடங்கு அதிகமாக்கிப் பார்த்தார்கள். எழுந்து நிற்பவர்கள் கூடினார்கள். சொன்னவுடன் அந்தப் பிள்ளை உட்காருவது உண்மைதான், அதனால் ‘சொன்னால் கேட்கிறார்கள்’ என்று டீச்சருக்குத் தோன்றும். ஒட்டுமொத்தக் கணக்கை எடுத்தவர்களுக்குத்தான் வேறு உண்மை தெரிந்தது. உட்கார்ந்திருப்பவர்களைப் பாராட்டியபோது நிற்பவர்கள் குறைந்தார்கள். ஆசிரியர் வேலை பார்ப்பவர்கள் இதைத் தங்கள் வகுப்பில் ஒரு வாரம் எண்ணிப் பார்க்கலாம். திட்டும் வார்த்தை எத்தனை, பாராட்டும் வார்த்தை எத்தனை என்று.

நான்காம் வகுப்பில் ஒரு விளையாட்டு

ராபியிடம் நடந்தது சரி. ஒரு பிள்ளைக்காக ஓர் ஆய்வாளர் பின்வரிசையில் உட்கார்ந்து வண்ணத் தாள் காட்டலாம். வகுப்பு முழுக்க ராபிகளாக இருந்தால்?

கன்சாஸில் ஒரு நான்காம் வகுப்பு அப்படித்தான் இருந்தது. 24 பிள்ளைகள். அதில் ஏழு பேர் ஏற்கெனவே பல தடவை ஹெச்.எம். அறைக்கு அனுப்பப்பட்டவர்கள். ஹேரியட் பேரிஷ், ம்யூரியல் சாண்டர்ஸ், வுல்ஃப் மூவரும் அங்கே செய்துபார்த்ததை 1969ல் வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘குட் பிஹேவியர் கேம்’, அதாவது நல்ல நடத்தை விளையாட்டு. வகுப்பறை உளவியலில் அரை நூற்றாண்டைத் தாண்டி இன்றும் ஆயிரக்கணக்கான பள்ளிகளில் விளையாடப்படும் ஒரு முறை அது.

விளையாட்டு இப்படி. டீச்சர் வகுப்பை இரண்டு அணிகளாகப் பிரிக்கிறார். அனுமதி இல்லாமல் எழுந்தால், அனுமதி இல்லாமல் பேசினால், இன்னும் இதுபோலச் சில விதிகளை மீறினால், அந்தப் பிள்ளையின் அணிக்குக் கரும்பலகையில் ஒரு கோடு. கோடு குறைவாக வாங்கிய அணி வெல்லும். முக்கியமான விதி ஒன்று: இரண்டு அணியுமே ஐந்து கோட்டுக்குள் இருந்தால் இரண்டுமே வென்றதாகக் கணக்கு. வென்றவர்களுக்கு ஒரு வெற்றிப் பட்டை, அட்டவணையில் பெயருக்கு எதிரே நட்சத்திரம், மதியச் சாப்பாட்டுக்கு முதலில் வரிசையில் நிற்கும் உரிமை, நாள் முடிவில் அரை மணி நேரம் பிடித்த வேலை செய்ய அனுமதி. இவை எதற்கும் பணம் வேண்டாம். எந்தப் பள்ளியிலும் ஏற்கெனவே இருப்பவைதான்.

நம் வகுப்பறைகளில் பேசியவர்களின் பெயரை லீடர் கரும்பலகையில் எழுதுவதை நினைத்துக்கொள்ளும் வாசகர்கள் வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒருவன் பெயர் தனியாக எல்லோர் முன்னாலும் ஏறும். இங்கே அணிக்குத்தான் கோடு. அப்புறம், எல்லோரும் ஜெயிக்க வழி இருக்கிறது.

விளையாட்டை முதலில் கணக்குப் பீரியடில் மட்டும் வைத்தார்கள். கணக்கில் சத்தம் விழுந்தது, வாசிப்புப் பீரியட் பழையபடியே இருந்தது. பிறகு கணக்கில் எடுத்துவிட்டு வாசிப்பில் வைத்தார்கள். கணக்குப் பீரியட் மறுபடி கலகலத்தது, வாசிப்பு அமைதியானது. கடைசியில் இரண்டிலும் வைத்தார்கள். நிமிடம் நிமிடமாகப் பிரித்துப் பார்த்ததில், விளையாட்டுக்கு முன் 96 சதவீத நிமிடங்களில் யாரோ ஒருவர் அனுமதியில்லாமல் பேசினார், 82 சதவீத நிமிடங்களில் யாரோ இடத்தைவிட்டு எழுந்திருந்தார். விளையாட்டின்போது அது 19 ஆகவும் 9 ஆகவும் இறங்கியது.

இந்தக் கட்டுரையில் பலரும் தாண்டிப் போய்விடும் ஓர் இடம் உண்டு. ஓர் அணியில் இரண்டு பிள்ளைகள் தொடர்ந்து கோடு வாங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் இனிமேல் விளையாடப்போவதில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டான். இவர்களால் அணி முழுதும் தோற்பது நியாயமில்லை என்று டீச்சருக்கும் பிள்ளைகளுக்கும் பட்டது. அதனால் இருவரையும் தனித்தனி அணியாக ஆக்கிவிட்டார்கள். அவர்கள் வாங்கும் கோட்டுக்கு அவர்களே பொறுப்பு. ஒரு குழுவுக்குச் சேர்த்துப் பரிசு வைத்தால் பலவீனமான பிள்ளைமேல் மற்றவர்கள் பாய்வார்களே என்ற கவலை, பின்னாளில் இந்த முறைமீது திரும்பத் திரும்ப வந்த விமர்சனம். அது நியாயமான கவலை. முதல் ஆய்விலேயே அது தலைகாட்டியதும், வகுப்பே பேசி அதற்கு ஒரு வழி கண்டதும் பதிவாகியிருக்கிறது.

இன்னொன்றும் அதில் இருக்கிறது. விளையாட்டு பலன் தந்தது என்பதோடு, பிள்ளைகளுக்கும் பள்ளி நிர்வாகத்துக்கும் அது பிடித்திருந்தது என்றும் கட்டுரையாளர்கள் எழுதினார்கள். எண்களால் பேசும் துறையில் ‘பிடித்திருந்தது’ என்று எழுதுவது அன்றைக்கு வழக்கமில்லை. வுல்ஃபை அடுத்த பத்து வருடம் விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வியின் முளை இதில் இருக்கிறது.

அடங்கி உட்காருவதுதான் குறிக்கோளா?

1972ல், வுல்ஃப் தொடங்கிவைத்த அதே இதழில், ரிச்சர்ட் வினெட், ராபின் விங்க்லர் என்ற இருவர் கடுமையாக ஒரு விமர்சனம் எழுதினார்கள். இதுவரை வந்த வகுப்பறை ஆய்வுகளை எடுத்துப் பார்த்தால், நல்ல மாணவன் என்றால் அசையாமல், பேசாமல், சொன்னதைக் கேட்டு உட்கார்ந்திருப்பவன் என்றுதான் தெரிகிறது என்றார்கள். பள்ளி என்ன கேட்டதோ அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அது பிள்ளைக்கு நல்லதா என்று கேட்காமலே உளவியலாளர்கள் சாதித்துக் கொடுத்துவிடுகிறார்கள் என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

இதற்குப் பதில்கள் வந்தன. அவற்றில் எனக்கு மிகவும் திருப்தியளிப்பது வாதமாக இல்லாமல் ஆய்வாக வந்த ஒன்று. 1974ல் ஏயோன், ராபர்ட்ஸ் என்ற இருவர், ஐந்தாம் வகுப்பில் மிகவும் தொல்லை தந்த ஐந்து பையன்களை எடுத்துக்கொண்டார்கள். சத்தம் போடாமல் இருந்ததற்கு ஒரு பரிசும் இல்லை. வாசிப்புப் பாடத்தில் சரியான விடை எழுதினால் மட்டும் புள்ளி. விடைகள் சரியாகச் சரியாகச் சேட்டை தானாகவே குறைந்தது. கையில் செய்யக்கூடிய, ஜெயிக்கக்கூடிய வேலை இருந்தால் பிள்ளைக்கு வகுப்பைக் கலைக்க நேரமில்லை. வுல்ஃபேகூட அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கன்சாஸ் சிட்டியின் ஏழைக் குடியிருப்பில் பள்ளி நேரத்துக்குப் பிந்திய வகுப்பு ஒன்றை நடத்தியபோது படிப்புக்குத்தான் புள்ளி கொடுத்தார். பிள்ளைகள் தங்கள் ஃபோல்டர்களில் புள்ளி சேர்த்துத் தின்பண்டத்துக்கும் சுற்றுலாவுக்கும் மாற்றிக்கொண்டார்கள். ஓர் ஆண்டில் அவர்களின் படிப்பு ஒன்றரை வகுப்பு அளவுக்கு ஏறியது. வகுப்பில் சேராத அதே போன்ற பிள்ளைகள் முன்னேறியது சுமார் 0.8 வகுப்பு.

ஆனாலும் வினெட்டும் விங்க்லரும் கேட்டது பெரிய கேள்வி. குறிக்கோளை யார் முடிவு செய்வது?

1978ல் வுல்ஃப் எழுதிய கட்டுரை இதற்கு அவருடைய பதில் என்று நான் படிக்கிறேன். இதழைத் தொடங்கும்போது அதன் நோக்கத்தை ஒரு வரியில் எழுத வேண்டியிருந்ததாம். சமூகத்துக்கு முக்கியமான பிரச்சினைகளுக்கு நடத்தை அறிவியலைப் பயன்படுத்துவது என்ற பொருளில் ஒரு வரி கிடைத்தது. அச்சிட்டார்கள். அப்புறம்தான் அவருக்கு உறுத்தியது. முக்கியம் என்று யார் சொல்வது? எதை வைத்துச் சொல்வது? விநாடிக் கணக்கில் எண்ணுவது எப்படி என்று எங்களுக்குத் தெரியும், முக்கியத்தை எப்படி அளப்பது?

அவர் கண்ட வழி, சம்பந்தப்பட்டவர்களையே கேட்பது. மூன்று கேள்விகளாகப் பிரித்தார். நாம் மாற்ற நினைப்பது இவர்களுக்கும் வேண்டியதுதானா? அதற்காக நாம் கையாளும் முறை இவர்களுக்கு ஏற்புடையதா? கடைசியில் கிடைத்த விளைவு இவர்களுக்குப் போதுமானதா, நாம் எதிர்பாராத ஏதாவது வந்து சேர்ந்ததா? ‘சோஷியல் வேலிடிட்டி’ என்று அவர் இதற்குப் பெயர் வைத்தார். பள்ளி உளவியல் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிப்பது இது. மனசுக்குள் இருப்பதைக் கேட்டு எழுதுவது அறிவியல் ஆகாது என்று சொல்லி வளர்ந்த ஒரு துறையில், அதை நிறுவியவர்களில் ஒருவரே இப்படிச் சொல்லத் துணிந்தார். நடத்தைப் பகுப்பாய்வு தன் இதயத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது என்று கட்டுரையின் தலைப்பிலேயே போட்டுக்கொண்டார்.

பால்டிமோரும் இங்கிலாந்தும்

குட் பிஹேவியர் கேமின் பிற்கால வரலாறு இந்த மூன்று கேள்விகளுக்கும் நல்ல சோதனை.

ஷெப்பர்ட் கெல்லம் என்ற மனநல மருத்துவர் 1960களில் சிகாகோவின் உட்லான் பகுதியில் முதல் வகுப்புப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தவர். முதல் வகுப்பிலேயே அடிதடியும் விதிமீறலுமாக இருந்த பையன்களிடம் வளர்ந்தபின் போதைப்பழக்கம் அதிகம் என்று கண்டவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தபின், அப்படியானால் முதல் வகுப்பிலேயே அதை மாற்றினால் என்ன ஆகும் என்று பார்க்க விரும்பினார். கையில் எடுத்தது வுல்ஃப் குழுவின் விளையாட்டை. 1985ல் பால்டிமோர் நகரின் 19 அரசுப் பள்ளிகளில், 41 முதல் வகுப்புகளில் ஆய்வு தொடங்கியது. யாருக்கு விளையாட்டு, யாருக்கு வழக்கமான வகுப்பு என்பது தற்செயல் முறையில் பிரிக்கப்பட்டது.

ஆரம்பத்தில் வாரம் மூன்று தடவை, ஒவ்வொன்றும் பத்து நிமிடம். போகப்போக நேரம் நீண்டது. முதலில் விளையாட்டு தொடங்குகிறது என்று அறிவித்தார்கள், பிறகு சொல்லாமலே தொடங்கினார்கள். பரிசும் உடனே கிடைப்பதிலிருந்து நாள் முடிவுக்கும் வார முடிவுக்கும் தள்ளிப்போனது. சாதுவான பிள்ளைகளும் முரட்டுப் பிள்ளைகளும் எல்லா அணியிலும் கலந்தே இருந்தார்கள்.

அந்தப் பிள்ளைகளை 19 முதல் 21 வயதில் மறுபடி சந்தித்து, 2008ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாழ்நாளில் எப்போதாவது போதைப்பொருள் சார்ந்த நோய்நிலைக்கு ஆளான ஆண்கள், வழக்கமான வகுப்பில் படித்தவர்களில் 38 சதவீதம், விளையாட்டு நடந்த வகுப்பில் படித்தவர்களில் 19 சதவீதம். முதல் வகுப்பில் மிகவும் முரடாக இருந்த பையன்களை மட்டும் எடுத்தால் 83க்கு 29. பெண்களிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை. முரட்டுப் பையன்களின் பிரிவில் எண்ணிக்கை சிறியது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். அப்படிப் படித்தாலும், ஆறு வயதில் கரும்பலகையில் போட்ட கோடுகளின் விளைவு இருபது வயதில் தெரிகிறது என்பது பொது சுகாதாரத்தில் அபூர்வமான செய்தி.

இதே ஆய்வின் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1986ல் முதல் வகுப்பு சேர்ந்தவர்களுக்கும் அதே ஆசிரியர்கள் அதே விளையாட்டை நடத்தினார்கள். விளைவு மங்கலாக இருந்தது. முதல் ஆண்டில் ஆசிரியர்களுக்குக் கிடைத்த பயிற்சியும் உடனிருந்து பார்த்துச் சொல்லும் ஆதரவும் இரண்டாம் ஆண்டில் குறைந்திருந்தது. முதலாண்டில் நன்றாகக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்த ஆண்டு தாமாகவே தொடருவார்கள் என்று நினைப்பது இயல்புதான். நடப்பது வேறு.

இது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது என்று 1990களில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பள்ளி உளவியல் பேராசிரியர் ஜோசஃப் விட்டும் ஜார்ஜ் நோயலும் அளந்து பார்த்தார்கள். ஆசிரியருக்கு ஒரு பிள்ளைக்கான திட்டத்தைச் சொல்லிக்கொடுத்து, ஒவ்வொரு படியிலும் தாளில் ஒரு தடயம் மிஞ்சும்படி ஏற்பாடு செய்தார்கள். அப்போதுதான் உண்மையில் எத்தனை படி நடந்தது என்று மறுநாள் எண்ணலாம். பயிற்சி முடிந்த முதல் நாட்களில் எல்லாப் படியும் நடந்தது. ஒரு சில நாளிலேயே சரிய ஆரம்பித்தது. தினமும் ஒருவர் வந்து, நேற்று இவ்வளவு செய்தீர்கள், பிள்ளையின் மதிப்பெண் இப்படி ஆனது என்று சில நிமிடம் பேசியபோது மறுபடி ஏறியது. இதை ஆசிரியர்களின் சோம்பல் என்று படிப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. ராபியின் நடத்தை டீச்சரின் கவனத்தால் ஏறி இறங்கியது என்று ஏற்றுக்கொள்கிறோம். டீச்சரின் நடத்தையும் அவரைக் கவனிக்க யாராவது இருந்தால்தான் நிற்கும் என்பதை மட்டும் ஏன் குறையாகச் சொல்ல வேண்டும்?

இங்கிலாந்தில் 2015 முதல் 2017 வரை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் நீல் ஹம்ஃப்ரி தலைமையில் 77 தொடக்கப் பள்ளிகளில் இதே குட் பிஹேவியர் கேமை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. பிள்ளைகளின் வாசிப்பு முன்னேறவில்லை. நடத்தையிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. விளையாட்டைத் தொடங்கிய பள்ளிகளில் ஏறக்குறைய கால்வாசி, ஆய்வு முடியும் முன்பே அதை விட்டுவிட்டன. தொடர்ந்த பள்ளிகளிலும், பரிந்துரைத்த அளவுக்கு அது நடக்கவில்லை. ‘இந்த முறை பொய்’ என்று சிலர் இதை எழுதினார்கள், ‘சரியாகச் செய்யவில்லை, அவ்வளவுதான்’ என்று வேறு சிலர். இரண்டுமே அவசரம் என்று நினைக்கிறேன். அந்த விளையாட்டு வுல்ஃபின் இரண்டாவது கேள்வியில், முறை ஏற்புடையதா என்ற கேள்வியில், விழுந்திருக்கிறது. நாள் முழுவதும் பாடத்திட்டம் நெருக்கும் ஒரு டீச்சருக்கு, விளையாடும்போது தானே பேசக் கூடாது, உதவி கேட்கும் பிள்ளைக்கும் பதில் சொல்லக் கூடாது என்று கறாராக வகுத்த ஒரு விளையாட்டு எந்த அளவுக்கு ஒத்துவரும்? இதை ஆய்வு தொடங்கும் முன்பே கேட்டு, அவர்கள் சொல்வதற்கேற்ப மாற்றியிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். முதல் கன்சாஸ் வகுப்பில், விளையாட மறுத்த பையனுக்காக விதியையே மாற்றினார்களே, அந்த வசதி பெரிய ஆய்வுகளில் கிடைப்பதில்லை. எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி நடந்தால்தான் ஒப்பிட முடியும் என்பது ஆய்வின் தேவை. வகுப்புக்கு ஏற்றபடி வளைந்தால்தான் நீடிக்கும் என்பது பள்ளியின் தேவை. இந்த இழுபறி இன்னும் தீரவில்லை.

பிள்ளைகள் போட்ட மதிப்பெண்

வுல்ஃப் இந்த இழுபறியைச் சொந்த அனுபவத்தில் பட்டவர். 1967ல் கன்சாஸின் லாரன்ஸ் நகரில், நீதிமன்றம் அனுப்பிய பையன்களுக்காக ‘அச்சீவ்மென்ட் ப்ளேஸ்’ என்ற இல்லம் தொடங்கியது. அவருடைய மாணவர் எலரி ஃபிலிப்ஸும் மனைவி எலெய்னும் அங்கேயே குடியிருந்து, ஆறேழு பையன்களைப் பெற்றோர்போல வளர்த்தார்கள். புள்ளிகள், சலுகைகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. பள்ளியிலிருந்து பையன் தினமும் ஓர் அட்டை கொண்டுவருவான். வகுப்பில் படித்தானா, விதியை மதித்தானா என்று டீச்சர் ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறித்து அனுப்புவார். அதை வைத்து வீட்டில் சலுகை. அமெரிக்கப் பள்ளிகளில் இன்று சாதாரணமாகிவிட்ட தினசரிக் குறிப்பட்டையின் ஆரம்பகால ஆய்வுகளில் ஒன்று இங்கிருந்து 1970ல் வந்தது.

லாரன்ஸில் இது அருமையாக நடந்தது. அதே முறையை வேறோர் ஊரில் வேறொரு தம்பதியை வைத்துத் தொடங்கியபோது சரிப்பட்டு வரவில்லை. புள்ளி அட்டை அதேதான், விதிகளும் அவையேதான். அந்த வீட்டுச் சூழல்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. எலரியும் எலெய்னும் பையன்களிடம் எப்படிப் பேசினார்கள் என்பது எந்தக் கையேட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது முக்கியம் என்றே யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

அப்புறம் பையன்களையே கேட்டார்கள். உங்களை வளர்ப்பவர் எப்படி இருந்தால் உங்களுக்குப் பிடிக்கும்? அமைதியான, இனிமையான குரல் என்றார்கள். உதவ முன்வருவது, கூடச் சேர்ந்து சிரிப்பது, நியாயமாக இருப்பது, காரணம் சொல்வது, நேராக விஷயத்துக்கு வருவது. பிடிக்காதது எது? கத்துவது, பழி போடுவது, தப்பை மட்டும் சொல்வது, பொருளைத் தூக்கி எறிவது, எங்களைப் பேசவே விடாதது. அந்தப் பட்டியல் பயிற்சித் திட்டத்தில் ஏறியது. புதிதாக வருபவர்கள் புள்ளி போடக் கற்றதோடு, இதையும் பழகிக் காட்டி, பையன்களிடமே மதிப்பெண் வாங்க வேண்டியிருந்தது.

வுல்ஃப் 2004ல் இறந்தார். லாரன்ஸ் வீட்டை முன்மாதிரியாகக் கொண்ட இல்லங்கள் ஒரு சங்கமாக இணைந்து இன்றும் நடக்கின்றன. அங்கே வளர்ப்புப் பெற்றோராக இருப்பவர்களின் சான்றிதழ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்போது, அந்த வீட்டில் வாழும் பிள்ளைகளுக்கும், சொந்தப் பெற்றோருக்கும், அவர்கள் படிக்கும் பள்ளியின் ஆசிரியர்களுக்கும் மதிப்பீட்டுத் தாள் கொடுக்கப்படுகிறது. சான்றிதழ் கிடைப்பதும் கிடைக்காததும் அந்தத் தாள்களையும் பார்த்துத்தான் முடிவாகிறது.